அந்தரத்தில் நின்ற பிள்ளையார்

"கண்ணாடி இடத்தை வலமாக்குது. அப்ப தலையை ஏன் காலாக்கேல்லை?"

கணக்கு வாத்தியார் ஒருமுறை ஞானாம்பிகையிடம் கேட்டது. அவள் எழுந்து நின்று கால் பெருவிரலால் நிலத்தைக் கீறியதோடு சரி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் விடை பிடிபடவில்லை.

இப்போது சுன்னாகத்தில் அத்தான் அருளம்பலத்தின் ரேடியோக் கடையில் பெட்டி செய்கிறாள். உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய பலகைப் பெட்டி. அடியில் கலண்டர்ப் பிள்ளையார், அவருக்கு மேலே சாய்த்த, ரசம் பூசாத வெறுங் கண்ணாடி. கரண்ட் இல்லாத ஊர். சைக்கிளை மிதித்தால் டைனமோவில் பெட்டிக்குள் பல்ப் எரியும், பிள்ளையார் அந்தரத்தில் எழுவார். முதலில் இரண்டு பேராகத்தான் எழுந்தார். தடித்த கண்ணாடியின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஆளுக்கொரு பிள்ளையாரைக் காட்டிய வினை. ஸ்ரூடியோக்காரர் எறிந்த மெல்லிய நெகட்டிவ் கண்ணாடியைக் கழுவிப் போட்டதும் ஒருவரானார்.

படக்கடை நமசிவாயம் பெட்டிகளை விற்க ஒப்பினால் அவள் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் இன்றைக்கே வெங்காயத் தோட்டத்துக்கு. அப்படிச் சொல்லிவிட்டு அம்மா பூரணம் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

அத்தான் மிதித்தார். பார்க்க வந்திருந்த நமசிவாயம் சால்வையை இடுப்பில் கட்டி, தலையில் குட்டிக்கொண்டார். பிறகு கிட்டக் குனிந்தார்.

"தம்பி, உவர் வலம்புரியெல்லோ."

"இல்லையண்ணை, உங்கடை கடைப் படந்தான். இடம்புரி," என்றார் அத்தான்.

"தும்பிக்கை வலப்பக்கம் திரும்பி நிக்குது. எனக்கென்ன கண் பொட்டையோ? வலம்புரியை வீட்டிலை வைச்சால் பூசை பிசகக்கூடாது. சனம் என்னையெல்லே ஏசும்."

"எந்த வலம்? அவற்றை வலமோ, எங்கடை வலமோ?"

இருவரும் கைகளைத் தூக்கிப் பார்த்து, திரும்பி நின்றும் பார்த்தார்கள். ஞானாம்பிகை வேறுபக்கம் திரும்பினாள். அம்மா வடை சுற்றிவந்த பேப்பர் வாங்குப் பலகையில் கிடந்தது. எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்து எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிந்தன. ஏனென்று யோசிக்காமலே கலண்டர்ப் படத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள், கவிழ்த்து வைத்தாள், பல்பைப் படத்துக்குக் கீழே மாற்றினாள்.

"மிதியுங்கோ அத்தான்."

தும்பிக்கை இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"ஓம், இது இடம்புரி," என்றார் நமசிவாயம். "பெட்டியளைச் செய்யுங்கோ, நான் விக்கிறன்." பிறகு முகத்தைத் தடவினார். "அப்ப முந்தி நான் கும்பிட்டது ஆரை?"

அத்தான் மிதிப்பதை நிறுத்த, பிள்ளையாரும் இல்லாமற்போனார்.

"நான் நிக்கட்டோ அம்மா?"

பூரணம் வெறும் பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு, மகளைக் கூப்பிடாமல் தனியே படியிறங்கிப் போனாள்.