பேச்சுக்கு சி கிரேடு

பட்டாபிராமில் உள்ள அந்தத் தனியார் தொடக்கப் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தைச் சனிக்கிழமைதான் வைப்பார்கள். அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் விஜி, அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மகள் அருள்மொழி இரண்டாம் வகுப்பு. கணக்கில் ஏ, எழுத்தில் ஏ. தமிழ்ப் பேச்சுத் திறனில் மட்டும் சி.

"படத்தைப் பாத்து ஒரு வரி சொல்லணும்," என்றாள் வகுப்பாசிரியை கிருஷ்ணப்பிரியா. குரலில் கோபமில்லை. "'கொக்கு ஏரியாண்ட குந்திகினு கீது'ன்னா உங்க பொண்ணு. பசங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. வீட்டுல கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசுங்கம்மா. குழந்தை அதைத்தானே கத்துக்கும்."

விஜிக்குக் காது சுட்டது. "சரிங்க மிஸ்," என்று ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டாள். வாயைத் திறந்தால் இன்னும் ஏதாவது தப்பாக வந்துவிடும் போலிருந்தது. உடனே எழுந்து வந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் பேசினாள். "இன்னாமே, நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசினுகீற," என்று கணவன் டில்லிபாபு சிரித்தான்.

"நீயும் இப்படித்தான் பேசணும். புள்ளைக்கு மார்க்கு போவுது," என்றாள் விஜி.

அவனும் முயன்று பார்த்தான். முடியாமல், பேச்சையே குறைத்துக்கொண்டான். அருள்மொழி முன்பெல்லாம் வேனில் யார் யாரை அடித்தார்கள் என்பதுவரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். விஜி நடுவே நடுவே நிறுத்தித் திருத்தினாள். கொஞ்ச நாளில் மகள் ஏதோ சொல்லத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்ல," என்று முடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஒரு மதியம் சூப்பர்வைசர் விஜியைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார். பள்ளியிலிருந்து பேசினார்கள். அருள்மொழி வகுப்பிலேயே யூனிஃபார்மை நனைத்துவிட்டாளாம். விஜி ரயில் பிடித்து, வீட்டுக்குப் போய் மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆசிரியர்கள் அறையின் மூலையில், ஆயா கொடுத்த துண்டைச் சுற்றிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுக்கு வருதுன்னு மிஸ்ஸாண்ட சொல்றதுக்கு இன்னாடி?"

அருள்மொழி தலையைத் தூக்கவில்லை. "எப்படி சொல்றதுன்னு தெரியல. தப்பா சொன்னா சிரிப்பாங்க."

கிருஷ்ணப்பிரியா பக்கத்திலேயே நின்றிருந்தாள். விஜி அவளிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"கணக்கு தப்பா போட்டா, நீங்க பக்கத்துல சரியா போட்டுக் காட்றீங்க மிஸ். பேச்சுக்கு மட்டும் எல்லாரும் சிரிச்சப்புறம் 'சி'ன்னு போட்டுட்டீங்க. நானும் ஊட்டுல திருத்திகினே இருந்தேன். இப்ப இது வாயே தொறக்க மாட்டேங்குது."

"நான் சிரிக்கலம்மா," என்றாள் கிருஷ்ணப்பிரியா. அருள்மொழியைப் பார்த்துவிட்டு, "சிரிச்சவங்கள நிறுத்தவும் இல்ல," என்றாள்.

அதன்பிறகு அவள் உண்மையாகவே பாடுபட்டாள். யார் எப்படிப் பேசினாலும் சிரிக்கக் கூடாது என்று வகுப்பில் கண்டிப்பாகச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் அருள்மொழியைப் பக்கத்தில் உட்காரவைத்து எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த பருவத்தில் பேச்சுத் திறனுக்கு பி போட்டிருந்தது. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் ரிப்போர்ட் கார்டை விஜியிடம் கொடுக்கும்போது கிருஷ்ணப்பிரியாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"திருத்தமா பேசறா. ஆனா கேட்டாத்தான் பேசறா. அதுக்கு எந்த கிரேடு போடறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

விஜி வீட்டில் பழையபடி பேசத் தொடங்கியிருந்தாள். கூட்டம் முடிந்து திரும்பும்போது ஸ்டேஷன் ரோட்டு பஜ்ஜிக் கடையில் நின்று, "இன்னா துன்ற?" என்று மகளைக் கேட்டாள்.

அருள்மொழி கடைக்காரரையும் சுற்றி நின்றவர்களையும் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையை இழுத்துக் குனியவைத்து, "'என்ன சாப்பிடுற'ன்னு கேளும்மா," என்றாள்.

விஜி நிமிர்ந்தாள். பிறகு அப்படியே கேட்டாள்.