படுக்கையறையில் பெய்த மழை

குளிர்காலத்தில் படுக்கையறைச் சுவர் முத்து முத்தாக வியர்த்தது. மேல்மாடியில் இருக்கும் மாமனாரின் குளியலறைதான் ஒழுகுகிறது என்று மாப்பிள்ளை அடித்துச் சொன்னார்.

"நாளைக்கே தரையை உடைச்சுப் பாத்துடலாம் மாமா!"

போன மாதம்தான் ஆசை ஆசையாகப் புது டைல்ஸ் பதித்திருந்தார் மாமனார்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் மனைவி. அவள் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினாள்.

"காலையில பாருங்க. தாளுக்குப் பின்னாடி ஈரம் இருந்தா சுவர்லேர்ந்து வருது, அப்பா வீட்டை உடைங்க. முன்னாடி இருந்தா, நம்ம ரூம் காத்துல இருக்கிற தண்ணி."

"காத்துல ஏதுடி தண்ணி?"

விடிந்ததும் மாப்பிள்ளை ஓடிப்போய்த் தாளைப் பிய்த்தார். பின்பக்கம் சுக்காகக் காய்ந்திருந்தது. முன்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மாடி ஏறச் சோம்பல்பட்டு அவர் அறைக்குள்ளேயே கட்டியிருந்த துணிக்கொடியை மனைவி காட்டினாள்.

"இந்தத் துணியெல்லாம் எப்படிக் காயுது? தண்ணி ஆவியாகிக் காத்துல கலக்குது. ஜன்னலைச் சாத்தி வச்சா வெளிய போக வழியில்லாம, குளிர்ந்த சுவர்ல பட்டுத் திரும்பவும் தண்ணியாயிடுது. கடல்தண்ணி மேகமாகி மழையா விழுதே, அதே கதைதான். இங்க உங்க ஜட்டிதான் கடல்."

மாமனார் படியிறங்கி வந்தார். "எப்ப உடைக்கலாம் மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை ஈரத்துணியை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"நல்ல வெயில் மாமா. மொட்டைமாடிச் சாவியைக் குடுங்க."