இரண்டு உபயங்கள்

சாந்தினிக்கு அது கடைசி வாய்ப்பு. போன முறை இணையவழிப் பரீட்சையின் பாதியில் திரை நீலமாகி நின்றுவிட்டது. மறுபடி இணைவதற்குள் பல்கலைக்கழகம் அவளுடைய தாளை மூடிவிட்டது. வரும் சனிக்கிழமையும் அப்படி ஆனால் பட்டப்படிப்பே போய்விடும் என்று சுங்காயிலிருந்து தொலைபேசியில் என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழாமல் சொல்கிறவர்களுக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வராது. மறுநாள் ஈப்போ சிலிபினில் என் கணினி பழுதுபார்க்கும் கடையைப் பூட்டிவிட்டுச் சுங்காய்க்குக் கிளம்பினேன்.

ரப்பர் தோட்டம் செம்பனையாக மாறி, ஆட்கள் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தபோது கோயிலும் கூடவே வந்தது. அவள் பரீட்சை எழுதும் கணினி அந்தக் கோயில் மண்டபத்தில் இருந்தது. சாந்தினி பகலில் எண்ணெய் ஆலை அலுவலகத்தில் வேலை செய்து, மாலையில் அங்கே உட்கார்ந்து படித்தவள். வேறு கணினி அவளுக்கு இல்லை.

அந்தக் கோயிலுக்கு எதைக் கொடுத்தாலும் பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். குழல் விளக்கில் பெயர், காற்றாடியில் பெயர், குப்பைத் தொட்டி மூடியில்கூடப் பெயர். கணினிப் பெட்டியின் பக்கவாட்டிலும் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. உபயம், பத்துமலை குடும்பத்தார். உபயம், ஐயாவு குடும்பத்தார்.

பெட்டி ஏதோ அலுவலகம் கழித்துப் போட்டது. மெதுவாக ஓடுகிறது என்று பேச்சு வந்தபோது கோயில் தலைவர் பத்துமலை பழைய நினைவகத் தகட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு ரேம் வாங்கிப் போட்டார். அதைக் கேள்விப்பட்டு, லாரி வைத்திருக்கும் ஐயாவுவும் ஒன்று வாங்கிப் போட்டார். திருவிழாவில் கரகம் யார் வீட்டு வாசலில் முதலில் நிற்பது என்ற தகராறில் பேச்சை நிறுத்தியவர்கள் அவர்கள். ஒரே பெட்டியில் இருவர் பெயரும் இருப்பதில் ஊருக்கே சந்தோஷம் என்றாள் சாந்தினி.

முதலில் சூட்டைச் சந்தேகித்தேன். உள்ளே விசிறியில் சாம்பிராணிப் புகை பிசுக்காகப் படிந்திருந்தது. துடைத்தேன். பிறகு மின்சாரம். ஒலிபெருக்கியும் அதே இணைப்பில் இருந்ததால் பிரித்தேன். பெட்டி கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி நின்றது. அதன்பிறகுதான் ரேம்களைக் கழற்றிப் பார்த்தேன். பத்துமலையுடையது நான்கு ஜிபி, ஐயாவுடையது எட்டு. கம்பெனி வேறு, வேகமும் வேறு. இப்படிக் கலந்து போட்டாலும் பல கணினிகள் ஓடிவிடும். வேகமானது மெதுவானதற்காக இறங்கி வரும். சில பெட்டிகளில் மட்டும் அது நடப்பதில்லை.

ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தேன். சோதனை ஓடும்போது நாம் செய்ய ஒன்றுமில்லை. அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். தனித்தனியாக இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. சேர்த்துப் போட்டால் நின்றது. இடம் மாற்றிப் போட்டும் நின்றது.

பரீட்சை மென்பொருள் ஓட எட்டு ஜிபி வேண்டும். அப்படியானால் வெளியே வர வேண்டியது தலைவருடையது.

சொல்லாமல் எடுத்துவிடலாம். பெட்டியைத் திறந்து பார்ப்பவர் யாருமில்லை. ஆனால் மண்டபத்துச் சாவி பத்துமலையிடம் இருந்தது. பரீட்சைக்கு முன்பே அவர் காதில் விழுந்தால், அதைத் திரும்ப மாட்டும்வரை மண்டபத்தைத் திறக்க மாட்டார் என்று சாந்தினி பயந்தாள். அவர் வீட்டுக்குப் போனோம்.

முழுவதும் கேட்டுவிட்டு, "என்னோடது கெட்டுப்போச்சா?" என்றார்.

"இல்லண்ணே. ரெண்டும் நல்லதுதான். சேந்து ஓட மாட்டேங்குது."

"அப்ப அவனோடத எடு."

"அதுதான்ணே பெருசு. பரிச்சைக்கு அது வேணும்லா."

"ரெண்டையும் எடுத்துட்டா?"

"பெட்டி எந்திரிக்காதுண்ணே."

சாந்தினி கெஞ்சியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கடைசியில், தன்னுடையதை எடுத்துவிடச் சொன்னார். பெயர் அங்கேயே இருக்க வேண்டும், ஐயாவுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நான் மறுபடி போனேன். உள்ளே சாந்தினி எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே நாற்காலி போட்டுப் பத்துமலை உட்கார்ந்து, சத்தம் போட்டவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஐயாவு வந்தார். தலைவரைப் பார்க்காமல் என்னிடம், தான் போட்டது நல்ல சரக்கு, ஈப்போவில் வாங்கியது, இப்போது இரண்டும் ஒழுங்காக ஓடுகிறதா என்று விசாரித்தார். நான் வாய் திறக்கவில்லை. வழக்கமாக என் மௌனம் என்னுடையது. அன்று அதை இன்னொருவருக்காகச் சுமந்துகொண்டிருந்தேன்.

உள்ளே விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. மூவரும் திரும்பிப் பார்த்தோம். சாந்தினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை அசையவில்லை. பத்துமலை பாதி எழுந்துவிட்டார். பிறகு தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. அவள் யோசித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பத்துமலை உட்கார்ந்தார். எதிரே இருந்த செம்பனைகளைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்னோடது மட்டுந்தான் ஓடுது. என்னோடத எடுத்தாச்சு."

ஐயாவு என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

"பேர மட்டும் வச்சிருக்கியாக்கும்?"

"பேரு அதுக்குத் தொந்தரவு கொடுக்கலலா."

ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பரீட்சை நடப்பது ஞாபகம் வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகும் அவர் போய்விடவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெயில் ஏறியபிறகு சாந்தினி வெளியே வந்தாள். பெட்டி நின்றதா என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நிக்கல மாமா," என்றாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. எப்படி எழுதினாய் என்று கேட்க மூவருக்குமே தைரியம் வரவில்லை.