வாசனை ஆகாத அறை

கருத்தரிப்பு மருத்துவமனையின் ஆய்வகத்தில் கருக்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அங்கே ‘மூக்கு’ என்றுதான் பெயர். பின்னே? சோப்பு வாசனையோடு ஒரு நர்ஸ் வாசலை மிதித்தால்கூட வந்த வழியே துரத்திவிடுவாள். சென்ட், பவுடர், கிரீம், நகப்பூச்சு எதுவும் உள்ளே ஆகாது. தட்டில் கிடக்கும் ஐந்து நாள் கரு, காற்றில் வரும் ரசாயனத்தையே தாங்காது.

அப்பேர்ப்பட்ட அறைக்குள் அன்று காலை ரோஜா வாசனை அடித்தது.

அக்காவுக்குத் திக்கென்றது. இதற்கு முன் இரண்டே முறைதான் இந்த வாசனை வந்திருக்கிறது. இரண்டும் அவள் தங்கச்சிக்குக் கரு வைத்த நாட்கள். ஒரு குறை சொல்ல முடியாத கருக்கள்; இரண்டும் கர்ப்பப்பையில் ஒட்டவே இல்லை. இன்றைக்கு உறைநிலையிலிருந்து எடுத்து உருக்க வேண்டியது மூன்றாவது, கடைசி. இனி கருமுட்டை எடுக்க வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

காற்று வடிகட்டியை முகர்ந்தாள். உதவியாளரின் கழுத்தை முகர்ந்தாள். “மேடம், நான் வெறும் தண்ணியிலதான் குளிச்சேன்!” என்று அவள் அலறினாள். கடைசியில் அக்கா தன் கையுறையைக் கழற்றினாள். வாசனை அவள் உள்ளங்கையில் இருந்தது. அரை மணி நேரம் முன்னால் தங்கச்சி அந்தக் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, “இந்தத் தடவையாவது தங்குமாக்கா?” என்று கேட்டிருந்தாள்.

தங்கச்சி இருந்த அறைக்கு விடுவிடுவென்று போனாள். அவள் பச்சை கவுனில் படுத்திருந்தாள்.

“என்னடி பூசின? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“சத்தியமா இன்னிக்கு ஒண்ணும் போடலக்கா. ரெண்டு தடவை குளிச்சேன்.”

அக்கா குனிந்து அவள் வயிற்றருகே முகர்ந்தாள். வாசனை தோலுக்கு மேலே இல்லை. உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல வந்தது.

“நேத்து வரைக்கும் போட்டியா?”

“நீ குடுத்த லோஷன்தான். பிள்ளை பெத்தவங்க கையால வந்தது, ராசின்னு தினமும் வயித்துல தடவுவேன். நாலு வருஷமா.”

பிள்ளை பிறந்ததும் பெண்கள் அக்காவுக்கு நன்றி சொல்ல வாசனைப் புட்டிகளைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் பூச முடியாது. வீணாகப் போகக் கூடாதே என்று அத்தனையும் தங்கச்சிக்குக் கொடுத்தாள். வாசனை நிற்பதற்குச் சேர்க்கும் சில ரசாயனங்கள் உடம்பில் ஹார்மோன் வேஷம் போடும், கர்ப்பப்பை தயாராவதைக் கெடுக்கலாம் என்று மேடை ஏறிப் பேசியவளே அவள்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை. தட்டுக்குக் காவல் இருந்த பாவி, அந்தக் கரு போய்த் தங்க வேண்டிய வீட்டை மறந்துவிட்டாள்.

“இதனாலதான்னு நிரூபிக்க முடியுமா?” என்றார் விஷயத்தைக் கேட்ட டாக்டர்.

“முடியாது சார். இதனால இல்லன்னு நீங்க சொல்லுவீங்களா?”

கடைசிக் கரு உறைகலனிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

“எப்பக்கா இது என்னை விட்டுப் போகும்?”

“நிறுத்தினா கொஞ்ச நாள்லயே உடம்பை விட்டுப் போயிடும்னு சொல்றாங்க.”

“அது பண்ணிட்டுப் போனது?”

அக்கா தங்கச்சியைக் கைத்தாங்கலாக வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு காத்திருந்தாள். “மேடம், உங்க புண்ணியம்!” என்று ஒரு பரிசுப் பையை நீட்டினாள். பழக்கதோஷத்தில் தங்கச்சியின் கை நீண்டது. பாதியில் நின்று, பையை விட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டது.

“என்ன குழந்தைங்க?”

“பொண்ணு.”

தங்கச்சி ஆசையாகக் குழந்தையின் உச்சியை முகர்ந்தாள். அப்படியே நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள், “இவ உள்ளேயிருந்தும் அந்த ரோஜா அடிக்குது.”