ஏற்றத்தில் நின்ற லாரி

லாரி மூன்றாவது தடவை இருமியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி இது நகராது என்று. கியரை இறக்கிப் பார்த்தாள். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தாள். மேட்டின் பாதியில் இஞ்சின் அடங்கிப்போனது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே குதித்து, உருண்டுவிடாமல் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள். மணி ஒன்பதேகால். ஒரு பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர், மறுபக்கம் பள்ளம். நிழலுக்கு மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை.

லாரியின் முதுகில் நாற்பத்திரண்டு தேன்பெட்டிகள் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன.

பெட்டிகள் அவளுடைய தம்பியின் பிழைப்பு. ஒரு பக்கம் பூ முடிந்தால் பூத்த பக்கம் பெட்டிகளைக் கொண்டுபோக வேண்டும். விடியுமுன், தேனீக்கள் எல்லாம் உள்ளே இருக்கும்போதே வாசலை அடைத்து, மேலே கம்பிவலை போட்டு ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் காற்று படும், பயமில்லை. வெயிலில் நின்றுவிட்டால், அடைத்த பெட்டிக்குள் மெழுகு இளகி, தேனடை சரிந்து, ஒரு மணி நேரத்தில் அத்தனையும் வெந்துபோகும். ஏற்றும்போதே இதை அவன் மூன்று முறை சொல்லியிருந்தான்.

அவள்தான் அவனிடம் ஒன்றைச் சொல்லவில்லை.

ஒரு மாதமாகவே இந்தப் பழைய பெட்ரோல் லாரி ஒன்றரை மணி நேரம் ஓடினால் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. ஒர்க்‌ஷாப்காரரிடம் காட்டினாள். பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் என்பதால் அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் டாக்டர். எந்த வண்டி போனாலும் அவர் எழுதும் மருந்து ஒன்றுதான்: பெட்ரோல் பம்ப். பம்பை மாற்றியும் லாரி நின்றது. "பொறி கிளப்புற காயில் சூடானா சொதப்புதோ?" என்று அவள் கேட்டதற்கு, "காயில் போனா ஒரேயடியா போயிடும்மா. இப்படிக் கண்ணாமூச்சி ஆடாது" என்று சிரித்தார். அவள் மனசு கேட்காமல் ஒரு புதுக் காயில் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவைத்தாள். மாட்டத்தான் இல்லை. இத்தனை வருஷம் வண்டி பார்க்கிறவர் சொல்கிறாரே என்ற தயக்கம்.

தம்பி வழக்கமாகக் கூப்பிடும் லாரி கிடைக்காமல் அவளிடம் வந்து நின்றபோது, ஒரு மணி பத்து நிமிஷப் பயணம்தானே, தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டாள். பாலத்தில் வேலை நடக்கிறது என்று மலையைச் சுற்றித் திருப்பிவிடுவார்கள் என்று அவள் கண்டாளா?

தம்பி அதற்குள் பெட்டிகளின் மேல் ஏறிவிட்டான். "என்னாச்சுக்கா?"

"பாக்கறேன்."

பானெட்டைத் தூக்கினாள். முகத்தில் அனல் அடித்தது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரை உருவி, அதன் நுனியை இஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "இறங்கி வந்து செல்ஃப் அடிடா!"

இஞ்சின் சுழன்றது. வயர் நுனியில் ஒரு பொறிகூட இல்லை. அப்படியானால் கோளாறு பெட்ரோலில் இல்லை, கரண்ட்டில்தான். டம்ளர் அளவே இருந்த காயிலைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கொதித்தது.

பின்னால் ரீங்காரம் மாறிக்கொண்டிருந்தது. அது இப்போது உறுமல். தம்பி இருந்த குடிதண்ணீரை எல்லாம் வலைகளின் மேல் தெளித்துவிட்டுக் காலி கேனோடு அவள் முன்னால் வந்து நின்றான்.

"எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிஷத்துல கிளம்பும்னா பெட்டியைத் திறக்க மாட்டேன். கிளம்பாதுன்னா இப்பவே வாசலைத் திறந்து விட்டுடணும். பறந்தது போக மிச்சமாவது பிழைக்கும். உண்மையைச் சொல்லு."

"கிளம்பிடும்" என்று சொல்வது எத்தனை சுலபம்! ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் முடிவெடுக்கப் போகிறான்.

"தெரியலடா. ஒரு மாசமா இப்படித்தான் நிக்குது. காயில்னுதான் எனக்கு சந்தேகம். புதுசு கையில இருக்கு. மாட்டினா முக்கால்வாசி கிளம்பும். நிச்சயமா சொல்ல முடியாது."

"ஒரு மாசமாவா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் ஏத்துனியா?"

கேனை அவன் வீசிய வேகத்தில் அது சுவரில் மோதிப் பள்ளத்தில் உருண்டது. திட்டுவான் என்று பார்த்தாள். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. லாரியின் வெயில் பட்ட பக்கத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"வெயில் படற ஆறு பெட்டியை மட்டும் திறக்கறேன். மத்தது உன் கையில."

இரண்டடி போனவன் திரும்பி வந்து, தன் வலைத்தொப்பியைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அவள் பேட்டரி வயரைக் கழற்றினாள். காயிலைப் பிடித்திருந்த பட்டையின் போல்ட் துருவேறி இறுகியிருந்தது. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் விட்டுக்கொடுக்கும். ஆனால் அதிர்வு பட்டால் தேனீக்களுக்கு வெறி பிடிக்கும். ஸ்பானரைப் போட்டு மூச்சைப் பிடித்துத் திருகினாள். போல்ட் சுழலவில்லை; தலை உடைந்து கையோடு வந்தது. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான், பட்டை தளர்ந்துவிட்டது. துணியைச் சுற்றிப் பழைய காயிலை உருவி எறிந்தாள். புதியதைக் கட்டுக்கம்பியால் அதே இடத்தில் இறுக்கிக் கட்டினாள்.

அதற்குள் திறந்த பெட்டிகளின் தேனீக்கள் லாரியைச் சூழ்ந்துவிட்டன. கண்ணுக்கு முன்னால் பழுப்பு நிறத்தில் ஒரு மூட்டம். மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. புறங்கையில் இரண்டு. விரல்கள் வீங்கத் தொடங்கின. கையை உதறக்கூடாது என்று தம்பி எப்போதோ சொன்னது ஞாபகம் வர, பல்லைக் கடித்துக்கொண்டு வயர்களை ஒவ்வொன்றாக மாட்டி, பேட்டரியையும் இணைத்தாள்.

"இறங்கி வந்து அடிடா!"

செல்ஃப் சுழன்றது. தடித்த வயரின் நுனியை மறுபடி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பொறி இல்லை.

டாக்டர் சொன்னதுதான் சரியா? இந்த ஒரு டப்பாவை நம்பியா அவன் இத்தனை பெட்டியை மூடி வைத்திருக்கிறான்?

"அக்கா, நடு வரிசையில ஒரு பெட்டி சத்தமே இல்ல!" மறுபடியும் பெட்டிகளின் மேல் ஏறிவிட்ட தம்பி கத்தினான்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். காயிலிலிருந்து கிளம்பும் வயர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் நீவிக்கொண்டு வந்தாள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயர், முனைக்கு அரை அங்குலம் முன்னால் தொளதொளவென்று மடங்கியது. மேலுறை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது. அவசரத்தில் கழற்றியபோது அவளே அறுத்திருக்கிறாள்.

கத்தியைத் தேட நேரமில்லை. வலையைத் தூக்கி வயரைப் பல்லில் கடித்து உறையை உரித்தாள். உதட்டில் ஒன்று கொட்டியது. கண்ணில் தண்ணீர் முட்ட, கம்பியை முறுக்கித் திருகாணியின் கீழ் நுழைத்து இறுக்கினாள்.

"வந்து இன்னொரு தடவை அடிடா!"

சடசடவென்று நீலப் பொறி பறந்தது.

தடித்த வயரை அதன் குழியில் செருகிவிட்டுக் கேபினுக்கு ஓடினாள். தம்பி நகர்ந்து உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஒருமுறை திக்கியது. மறுமுறை லாரியே குலுங்கப் பிடித்துக்கொண்டது.

"திறந்த பெட்டிகளை மூடணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். உள்ள இருக்கிறது உள்ள இருக்கட்டும். போ, போ!"

கண்ணாடியில், லாரி நின்ற இடத்தின் மேல் வெளியே மாட்டிக்கொண்ட தேனீக்கள் வட்டமிடுவது தெரிந்தது. தம்பியும் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தான். மேடு ஏறி இறங்குவதற்குள் அவளுடைய உதடு அப்பம்போல் உப்பியிருந்தது.

சூரியகாந்திக் காட்டில் இறக்கி முடித்தபின் தம்பி ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனான். நடு வரிசையில் இரண்டு பெட்டிகள் அடியோடு போய்விட்டன. திறந்துவிட்ட ஆறிலும் ராணி பிழைத்திருந்தது, கூட்டம்தான் பாதி. மற்றவை வாசலைத் திறந்ததும் எதுவும் நடக்காததுபோல் பூவைப் பார்த்துப் போய்விட்டன.

செத்த இரண்டு பெட்டிகளின் முன்னால் அவன் வெகுநேரம் குந்தியிருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தப்புடா. சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நேத்தே அந்தக் காயிலை மாட்டியிருப்போம்ல? ரெண்டு பேருமா உக்காந்து?" குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வெளியில மாட்டினதெல்லாம் வெயில் தணிஞ்சதும் எங்கயாவது ஒண்ணா ஒட்டிக்கிட்டுத் தொங்கும். போய்ப் பார்த்துட்டு வரணும். வண்டி எடுக்கிறியா?"

அவள் உடனே எழுந்துவிடவில்லை. விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"பின்னாடி இடது டயர் தேஞ்சிருக்கு. மழை பெஞ்சா ஹாரன் அடிக்காது. இறக்கத்துல ரெண்டாவது கியர் நழுவும், கையால பிடிச்சுக்கணும். உன் பக்கத்துக் கதவு உள்ள இருந்து திறக்காது."

"அதைத்தான் காலையிலேயே பார்த்தேனே, ஜன்னல் வழியாத்தானே குதிச்சேன்!" என்றான். அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் உதடு வலித்தது.

மஞ்சள் வெயிலில் அந்த மேட்டை அடைந்தபோது, கருங்கல் சுவரின் இடுக்கில் இரண்டு கையளவுக்குத் தேனீக்கள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் பெட்டியை அடியில் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். தம்பி மெதுவாக, ஒன்றுகூடச் சிந்தாமல், அவற்றை இறகால் உள்ளே தள்ளினான்.