பிடித்துக்கொள்ளும் வேலை

1

என் கைகள் மரத்துப்போவதுதான் இந்தக் கதைக்கு ஆரம்பம். ஆஸ்பத்திரியில் தட்டிப் பார்த்தார்கள். எலும்பு, நரம்பு எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஆனால் ஆனி ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் மணிக்கட்டுக்குக் கீழே கை இருப்பதே தெரிவதில்லை. தென்காசிச் சந்தையில் மூட்டை தூக்குகிறேன். பெயர் ஏசுவடியான். நாற்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கூட்டப் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1956 ஆனி மாதம். குற்றாலம் பேரருவி வெள்ளிச் சரிகைபோல—’

இல்லை. அருவிக்கடியில் வேலை பார்த்தவனுக்கு அது சரிகையாகத் தெரியாது. மேலேயிருந்து முதுகில் நெல்மூட்டையைப் போட்டதுபோல இருக்கும்.

இரண்டாவது: ‘இலத்தூர் ஆவுடைத்தாய்க்குப் புத்தி கலங்கியிருந்தது.’

இதையும் அடித்துவிட்டேன். ஏன் என்பது பின்னால் தெரியும்.

(என்ன வேலை என்று சொல்லவில்லையே. சித்தம் கலங்கினவர்களை அருவிக்குக் கூட்டிவருவார்கள். உச்சந்தலையில் தண்ணீர் விழுந்தால் தெளியும் என்று நம்பிக்கை. திமிறுகிறவர்களைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அப்போது அந்த ஆள் நான்.)

3

ஆவுடைத்தாயின் ஆறு வயதுப் பையன் முந்தின கார்த்திகையில் குளத்தில் மூழ்கிப்போனான். அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அலறினாள். புருஷன் மாடக்கண்ணு என்னிடம் கூட்டிவந்தான்.

“நல்லாப் பிடிச்சுக்கிடும் அண்ணாச்சி. அருவியக் கண்டாலே ஓடுதா.”

பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் தண்ணீரைக் கண்டு ஓடுகிறாள். எழுதும்போது ஒரு வரியில் விளங்குகிறது. அன்றைக்கு அங்கே நின்ற ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

மூன்று நாள் பிடித்தேன். மூன்றாம் நாள் அவள் திமிறவில்லை. தண்ணீருக்குள்ளேயே முகத்தை என் காதுப்பக்கம் திருப்பிக் கேட்டாள்:

“அண்ணாச்சி, எம்புள்ளைக்கும் இப்பிடித்தான் மூச்சு முட்டியிருக்குமோ?”

புத்தி கலங்கினவள் கேட்கிற கேள்வியா இது? நான் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே—

கரைக்கு வந்ததும் மாடக்கண்ணு கேட்டான். “வாய் அசைஞ்சுதே. என்ன சொன்னா?”

“தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைப்பா.”

அடங்கிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எனக்குப் புதுத் துண்டு போர்த்தினான். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

4

கூட மூட்டை தூக்கும் மசூது நான் எழுதுவதைப் பார்த்துவிட்டான். “ஏலே, மூட்டை கனமா, பேனா கனமா?”

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். “அவளச் சாக வச்சிருலே. கதை முடிஞ்சிரும்லா?” என்றான்.

முடியும். ஆனால் அவள் சாகவில்லை. பதினோரு வருஷமாக இலத்தூரில் இருக்கிறாள். மூச்சு இளைக்கிறது. நெஞ்சில் கோளாறு இல்லை என்கிறார்களாம். அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு அந்த இளைப்புச் சத்தம் மட்டும்தான் அடையாளம்.

இன்னொரு முடிவில் அவளைப் பேச வைத்தேன். பொய் சொல்வது எனக்குப் புதிது இல்லைதான். ஆனாலும் கிழித்துப் போட்டேன்.

5

போன வெள்ளிக்கிழமை மாடக்கண்ணு சந்தைக்கே வந்துவிட்டான். தலை நரைத்திருந்தது.

“அன்னைக்கு உம்ம கைக்குத்தான் அடங்கினா. இந்தச் சாரலுக்கும் நீரே பிடியும். பேசிருவான்னு மனசு சொல்லுது. திங்கக்கெழம கூட்டியாரேன்.”

“வேண்டாம்பா.”

“ஏன் அண்ணாச்சி?”

சொல்லத்தான் வாயெடுத்தேன். இரண்டு கையும் மரத்துப்போயின. நாக்கும்.

“கை சரியில்ல” என்றேன்.

“உமக்கு முடியாட்டா வேற ஆளு பாக்கேன்.”

6

வாயால் முடியாததால் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் நினைவு வந்தது, மாடக்கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. புதிதாகப் படித்தவனுக்கு உலகத்தில் எல்லோரும் வாசிப்பார்கள் என்று ஒரு நினைப்பு. அவனிடம் சொல்ல மசூதைக் கூப்பிட்டால், “உன் வாயால சொல்லுலே” என்கிறான்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. திங்கட்கிழமை காலை, அருவிக்குப் போகிற வழியில், சந்தை வாசலில் ஒரு மாட்டுவண்டி நிற்கும். உள்ளே ஒருத்திக்கு மூச்சு இளைத்துக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில்தான் நிற்பேன். உங்களுக்கு வாசிக்கத் தெரிகிறது. மூன்றாம் பகுதியை மட்டும் மாடக்கண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சத்தமாக வாசியுங்கள். அன்றைக்கு அவள் கேட்டது என் காதில் விழுந்தது என்று அவளுக்கும் தெரியட்டும்.