சிவப்புக் கோட்டு

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்கு. வெளிச்சம் உள்ள புகுந்துச்சுன்னா அளந்ததெல்லாம் வீண்."

கட்டிலில் படுத்தபடியே ஓரின் சொன்னார். மனைவி மார்லிஸ், நிறத்தை அளக்கும் அந்த உள்ளங்கை அளவுக் கறுப்பு மீட்டரைக் கம்ப்யூட்டர் திரையின் நடுவுக்கு நகர்த்தி, ஒயர் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் திரைகளை மகள் கிர்ஸ்டன் இழுத்து மூடியாயிற்று. விளக்கையும் அணைத்தாயிற்று. மூச்சு வாங்குவதைக்கூட ஓரின் பொறுத்துக்கொள்வார், மானிட்டரை அளக்கும்போது பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் மட்டும் தாங்க மாட்டார்.

நேற்றுவரை அந்த மானிட்டர் வீட்டுக்கு அடியிலிருக்கும் அறையில் இருந்தது. அவருடைய தனி ராஜ்ஜியம் அது. நாலு சுவருக்கும் சாம்பல் நிறம் பூசி வைத்திருந்தார். இனிமேல் படி இறங்க முடியாது என்று ஆனதும் கிர்ஸ்டன்தான் மானிட்டரைத் தூக்கி வந்து கட்டிலுக்கு எதிரே வைத்தாள். இடம் மாறினால் மறுபடி அளக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

"அப்பா, இந்த நேரத்துல இது தேவையா?" என்றாள் கிர்ஸ்டன்.

"இந்த நேரத்துலதான் தேவை. அப்புறம் நான் கொஞ்சம் பிஸியா இருப்பேன்."

நாடி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பெவர்லி சிரித்துவிட்டாள். இரண்டு வாரமாகத்தான் வந்துபோகிறாள். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுகிற பெண். திரையில் சிவப்பு, பச்சை, நீலம், அதன்பின் விதவிதமான சாம்பல் என்று ஒவ்வொன்றாக வந்துபோவதைப் பார்த்து, "இது எதுக்கு? கண்ணால பார்த்தாத் தெரியாதா?" என்றாள்.

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதாம்மா" என்றார் ஓரின். "ரயில்வேல வேலை கேட்டுப் போனேன். சிக்னல் கலரைத் தப்பாச் சொன்னேன்னு வாசலைக் காட்டிட்டாங்க. சரின்னு தபால் பையைத் தூக்கினேன். அப்புறம் கலரை நம்பர்ல படிச்சுக்கிட்டேன்."

உண்மைதான். அமெரிக்காவின் ஏரித் துறைமுகமான டுலூத்தில் கப்பலைப் படமெடுக்காத ஆள் குறைவு. இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு நீளநீளமான கப்பல்கள் பாலத்துக்கு அடியில் நுழையும்போதெல்லாம் கால்வாய்க் கரையில் ஒரு கூட்டம் கேமராவோடு நிற்கும். அத்தனை பேர் எடுத்தாலும் கப்பலின் துருச்சிவப்பு ஓரினின் படத்தில் வருகிற மாதிரி வேறு யாருக்கும் வராது. மற்றவர்கள் கண்ணை நம்பினார்கள். இவர் திரையில் ஓரிடத்தில் அம்புக்குறியை வைத்து, அங்கே சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று எண்ணைப் பார்த்தார்.

லென்ஸ் விஷயத்திலும் அதே பிடிவாதம்தான். நீளமான லென்ஸ் ஒன்றை வரவழைத்து, கராஜ் செங்கல் சுவரைப் படமெடுத்துப் பார்த்து, வலது மூலை மங்குகிறது என்று திருப்பி அனுப்பினார். அடுத்து வந்ததையும் அனுப்பினார். "ஒரே லென்ஸ்தானே, அதுல என்ன வித்தியாசம்?" என்று மார்லிஸ் கேட்டதற்கு, "உங்க அக்காவும் நீயும் ஒரே வீட்டுல பிறந்தவங்கதானே?" என்றார். மூன்றாவது வந்தபோது, அது எங்கே குவிகிறது என்று பார்க்க, குளிரில் முற்றத்தில் நின்று செய்தித்தாளைச் சாய்த்துப் பிடித்ததும் அவள்தான்.

மீட்டர் வேலையை முடித்துவிட்டதாகத் திரை சொன்னது. மார்லிஸ் அதைக் கழற்றினாள்.

"அந்தப் படத்தைப் போடு" என்றார் ஓரின்.

அக்டோபரில் எடுத்தது. சக்கர நாற்காலியில் அவரைக் கரைவரை தள்ளிக்கொண்டு போனார்கள். கப்பல் வந்தது. எப்போதும், "மார்லிஸ், நகரு, மறைக்கிற" என்று விரட்டுகிறவர் அன்றைக்கு, "அங்கயே நில்லு" என்றார். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் அவள். பின்னால் துருச்சிவப்பில் கப்பல். அவள் மேல் அந்தக் கம்பளிக் கோட்டு.

"அடக்கத்தன்னிக்கு சர்ச்சுல என் மூஞ்சியை வைக்காதீங்க. இதை வைங்க. பிரிண்ட்ல கோட்டும் கப்பலும் ஒரே சிவப்பா வரணும். அதுக்காகத்தான் அந்தக் கோட்டையே வாங்கினேன்."

மார்லிஸ் மீட்டரின் ஒயரைக் கையில் சுற்றத் தொடங்கினாள்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் வாங்கித் தந்த கோட்டு அது. மூடப்போகிற கடையொன்றில், நிறம் எழுதிய சீட்டு கிழிந்துபோன துணிகளின் குவியலிலிருந்து அவரே தேடி எடுத்தது. "கப்பல் கலர்ல ஒரு கோட்டு" என்று நீட்டியபோது அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அவளுக்காக ஒரு நிறத்தைத் தேடி எடுத்தவர் அதுவரை யாருமில்லை. கோட்டோ நல்ல பாசிப்பச்சை. பச்சை என்றாலே அவளுக்கு ஆகாது. "ரொம்ப அழகான சிவப்பு" என்றாள். அன்று சொன்ன பொய்க்கு உள்துணியை இரண்டு முறை மாற்றித் தைத்தாயிற்று, முழங்கையில் ஒட்டுப் போட்டாயிற்று. கிர்ஸ்டன் பேசப் பழகியபோதே அவளிடம், "அப்பாகிட்ட மட்டும் அது சிவப்பு" என்று சொல்லிக்கொடுத்தாள். இத்தனை வருடம் காப்பாற்றியது இந்தக் கடைசி நாளில் உடைந்துவிடக் கூடாது.

பெவர்லி திரையை எட்டிப் பார்த்தாள். "எந்தக் கோட்டு சிவப்பு?"

கிர்ஸ்டன் அவள் காலை மிதித்தாள்.

"கிர்ஸ்டன், அம்புக்குறியை முதல்ல கப்பல் மேல வை. நம்பரைப் படி. என் கண்ணுக்கு அவ்வளவு சின்ன எழுத்து இப்பத் தெரியல."

"நூத்தி இருபத்திரண்டு. அம்பத்தி எட்டு. நாப்பத்தி நாலு."

"நல்லது. இப்பக் கோட்டு மேல."

அம்புக்குறி நகர்ந்தது. கிர்ஸ்டன் எண்ணைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மார்லிஸ் படுக்கை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நூத்தி... இருபது. அறுபது. நாப்பத்தி அஞ்சு."

ஓரினின் தோள்கள் குலுங்கின. வலியோ என்று பெவர்லி பதறி எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கம்பளியும் பெயின்ட்டும் இவ்வளவு ஒத்துப்போகாதுடி. பொய் சொல்லவும் ஒரு அளவு வேணும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எண்பத்தெட்டு, தொண்ணூத்தாறு, அறுபது. கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். சரியா?"

திரையில் ஏறக்குறைய அதுவே இருந்தது.

"எப்பத் தெரியும்?" என்றாள் மார்லிஸ்.

"முதல் டிஜிட்டல் கேமரா வாங்கின வருஷம். மானிட்டரை அளந்து முடிச்சிட்டு, உன் படத்துல அம்புக்குறியைக் கோட்டு மேல வெச்சுப் பார்த்தேன். பச்சை ஜாஸ்தியா வந்துச்சு. மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு இன்னொரு மீட்டர் வாங்கினேன். அதுவும் அதையேதான் சொல்லுச்சு." அவர் கண்ணை மூடித் திறந்தார். "கராஜ்ல போய் ரொம்ப நேரம் நின்னேன்."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நிஜமாவே சிவப்பா ஒண்ணு வாங்கித் தந்திருக்கலாமே."

"வாங்கித் தந்தா நீ சொன்னது பொய்னு ஆயிடுமே. உனக்குப் பச்சை பிடிக்காது. சமையலறைக்குப் பூச விட்டியா? ஆனா அதைப் போட்டுக்கிட்டு சர்ச்சுக்கு வந்த, கடைக்கு வந்த, அந்தக் காத்துல கரையில வந்து நின்ன. இவ்வளவு செஞ்சவகிட்டப் போய் நம்பரைக் காட்டவா?" அவர் கையை நீட்டினார். "தேங்க்ஸ் மார்லிஸ். இதைச் சொல்லாமப் போயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு."

மார்லிஸ் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ் நான்தான்டா சொல்லணும்" என்றாள். கிர்ஸ்டன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, மூடியிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிண்ட் போடு" என்றார் ஓரின். "எதையும் மாத்தாத. உள்ளது உள்ளபடி."

கீழே பிரிண்டர் வரிவரியாக இழுத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓடியது. மார்லிஸ் பக்கத்திலேயே நின்றாள். முதலில் வானம், பிறகு கப்பல், பிறகு அவளே வந்தாள். ஈரம் உலர்ந்ததும் மேலே கொண்டு வந்து, ஜன்னல் திரையை விலக்கி, பகல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பிரிண்டைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், அதுவும் அவர் சட்டம்.

வெகுநேரம் பார்த்தார். "மூலையெல்லாம் கூர்மையா இருக்கு. மூணாவது லென்ஸ்" என்றார். பிறகு, "கோட்டு என்ன கலர்?"

"சிவப்பு."

"நல்ல சிவப்பா?"

"ரொம்ப அழகான சிவப்பு."

அவர் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம், துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஒரு முறையும் குட்டையாக இரண்டு முறையும் ஊதியது. கால்வாய்ப் பாலத்தின் சங்கும் பதிலுக்கு ஊதியது. எந்தக் கப்பல் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. கிர்ஸ்டன்தான் முதலில் கவனித்தாள்.

அடக்கத்தன்று சர்ச் வாசலில் அந்தப் படம் இருந்தது. கேமராக் கூட்டம் மொத்தமும் வந்திருந்தது. படத்தின் முன்னால் குனிந்து கப்பலின் சிவப்பைப் பார்த்தார்கள், மூலைகளைப் பார்த்தார்கள், எந்த லென்ஸ் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். போதகர், ஓரின் எழுதிக் கொடுத்திருந்ததை வாசித்தார். "சிவப்புக் கோட்டில் என் மனைவி" என்ற இடத்தில் படத்தை ஒருமுறை பார்த்தார், தாளை ஒருமுறை பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே வாசித்தார். முன்வரிசையில் மார்லிஸுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் முடிந்து, கூட்டம் கலையத் தொடங்கியது. கிர்ஸ்டன் காரை எடுக்கப் போயிருந்தாள். வெளியே ஏரிக்காற்று கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

பெவர்லி வந்து மார்லிஸின் தோளைத் தொட்டாள். "உக்காருங்க, உங்க கோட்டை நான் எடுத்துட்டு வர்றேன். எது உங்களுது?"

"சிவப்புக் கோட்டு" என்றாள் மார்லிஸ்.

சுவர் நெடுகக் கொக்கிகளில் கோட்டுகள் தொங்கின. கறுப்பு, நீலம், சாம்பல், நடுவில் யாரோ ஒருவருடைய நல்ல ரத்தச்சிவப்பு. பெவர்லி அதைத் தாண்டிப் போனாள். ஓரத்தில், முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்த பாசிப்பச்சைக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து, மார்லிஸ் கையை நுழைப்பதற்கு வாகாக விரித்துப் பிடித்தாள்.